வாணி சொல்லாத எண்

பொள்ளாச்சியில் 'கோட்டை' விளையாட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கோகிலவாணியிடம் போய் ஒரு எண் வாங்கிக்கொள்வார்கள்.

கோட்டை என்பது இணையத்தில் பலர் கூடி ஆடும் விளையாட்டு. அதன் முழுப் பெயர் நீளமானது, எங்கள் ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. ஆறு பாகங்கள் வந்திருக்கின்றன. ஆறிலும் வாள் உண்டு, மந்திரம் உண்டு, நெருப்புக் கக்கும் நாகம் உண்டு. ஒன்றாம் பாகத்தில் மரங்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆறாம் பாகத்தில் புல் நுனிகூடக் காற்றில் அசையும். ஆறும் இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கின்றன, எதில் வேண்டுமானாலும் நுழையலாம்.

எதில் நுழைவது என்பதில்தான் அடிதடி. வெளிவந்த வரிசையில் ஆடு என்பார்கள் ஒரு கட்சியினர். கதைப்படி மூன்றாம் பாகம்தான் எல்லாவற்றுக்கும் முந்தைய காலம், ஆகவே மூன்றில் தொடங்கு என்பார்கள் இன்னொரு கட்சியினர். பழசை எல்லாம் தூக்கிப் போடு, கூட்டம் இருக்கிற ஆறுக்கு வா என்பார்கள் கல்லூரிப் பையன்கள். இது பற்றி இணையத்தில் நடக்கும் சண்டையைப் படித்தால் விளையாட்டே தேவையில்லை என்று தோன்றிவிடும்.

கோகிலவாணிக்கு இருபத்தாறு வயது. கோவை ரோட்டில் ஒரு டயர் கடையின் மேல்மாடியில் பதினோரு கம்ப்யூட்டர் போட்டு கேமிங் சென்டர் நடத்துகிறாள். ஆறு பாகங்களையும் முடித்தவள். ஆறாம் பாகத்தில் அவள் நடந்து போனால், எந்த நாட்டுக்காரர் என்றே தெரியாத ஆட்கள் நின்று தலை வணங்கிவிட்டுப் போவதை நானே பார்த்திருக்கிறேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எனக்கு அவள்மேல் பெரிய மதிப்பு உண்டு, அதை ஒளிக்கப் போவதில்லை.

அவள் எல்லோருக்கும் ஒரே எண்ணைச் சொல்லமாட்டாள்.

கல்யாணமாகி இரண்டு மாதமான ஒரு ஜோடி வந்தது. அவர்களுக்கு இரண்டு என்றாள். இரண்டாம் பாகத்தில் ஒருவர் கையில் விளக்கு, மற்றவர் கையில் வரைபடம். விளக்குக்காரர் கொஞ்சம் விலகினாலும் வரைபடம் இருண்டுவிடும். முதல் வாரம் இருவரும் தனித்தனி பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்கள். மூன்றாம் வாரம் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள்.

சிபி என்று ஒரு கல்லூரி மாணவன். அவனுக்கு ஆறுதான் வேண்டும், அதுவும் உச்சத்திலிருந்து வேண்டும். வாணி தன்னுடைய கணக்கையே திறந்து அவனை உட்காரவைத்தாள். தங்கக் கவசம், முதுகில் சிறகு, பக்கத்தில் வெள்ளைப் புலி. பார்க்கிறவர்கள் எல்லாம் ஓடிவந்து அவனிடம் வழி கேட்டார்கள், உதவி கேட்டார்கள். பயலுக்குக் கிணறு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. பத்து நிமிஷத்தில் எழுந்து வந்தான்.

"ஒண்ணுல போடுங்கக்கா" என்றான்.

நான் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர், வயது நாற்பத்தொன்று. எனக்கு நாலு என்றாள். ஏன் என்று கேட்டேன்.

"குறை சொல்றதுக்கு நெறைய எடம் இருக்கறது அதுலதானுங்க" என்றாள்.

நாலாம் பாகத்தில் மூன்று வருஷம் இருந்தேன். அத்தனை குறையையும் சொல்லி, அத்தனையையும் அனுபவித்தேன்.

வெள்ளிங்கிரி வந்தது ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். மோட்டார் காயில் கட்டும் பட்டறைக்காரர். ஆனைமலை வரைக்கும் எந்தத் தோப்பில் போர்வெல் மோட்டார் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர். கை கழுவிவிட்டு வந்திருந்தார், ஆனாலும் நக இடுக்கில் கிரீஸ் இருந்தது. பையன்களுக்கு நடுவே அவர் நின்றதைப் பார்த்து, யாரையோ தேடி வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"அம்மிணி, இந்தக் கோட்டைய எதுல இருந்து ஆரம்பிக்கோணும்?"

"யாருக்குங்கண்ணா?"

"எனக்குத்தான்."

சிபி திரும்பிப் பார்த்தான். வாணி அவனை ஒரு பார்வை பார்த்ததும் மறுபடி திரும்பிக்கொண்டான்.

"எதுக்குன்னு கேக்கலாமுங்களா?"

"எம் புள்ள வெளையாடுது. மிதுனான்னு பேரு. சென்னையில ஆஸ்டல்ல இருந்து படிக்குது. நானும் உள்ள போனா அதுகூட நாலு வார்த்தை பேசலாம்னு."

"போன்ல பேசமாட்டாங்களா?"

"ஞாயித்துக்கெழமை எட்டு மணிக்கு நான் கூப்புடுவேன். சாப்டியான்னு கேப்பேன். 'ம்'முன்னு சொல்லும். நல்லா இருக்கியான்னு கேப்பேன். அதுக்கும் 'ம்'முதான். அவ்வளவுதான், அரை நிமிசம்."

வாணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை, சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு மத்தியானம். மனைவியின் அண்ணன் வீட்டு ஆட்கள் வந்திருந்தார்கள். மிதுனா உள்ளே கம்ப்யூட்டரில் இருந்தாள். மூன்று தடவை கூப்பிட்டார். "ஒரு பத்து நிமிசம்ப்பா" என்று மூன்று தடவையும் பதில் வந்தது. வந்தவர்கள் முன்னால் மானம் போகிறது என்று நினைத்தார். வெளியே போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார்.

"வீட்டுல யூபிஎஸ் இல்லீங்களா?"

"ஊருக்கெல்லாம் மாட்டிக் குடுக்கறேன். எங்க வீட்டுல இல்ல."

மிதுனா கத்தவில்லை, அழவும் இல்லை. வெளியே வந்து எல்லோருக்கும் காபி கொடுத்தாள். வேர்த்துக்கொண்டிருந்த அத்தைக்கு விசிறி எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்கு வற்றிய பேச்சுதான். கம்ப்யூட்டரையும் அதற்கப்புறம் அந்த வீட்டில் அவள் தொடவில்லை.

"அப்ப எந்த பாகத்துல இருந்தாங்க?"

"தெரியல."

"கூட எத்தனை பேரு?"

"தெரியலயே."

"உள்ள அவங்க என்னவா இருந்தாங்க?"

வெள்ளிங்கிரி வாணியையே பார்த்தார். அப்படி ஒரு கேள்வி இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"நாளைக்கு வாங்கண்ணா" என்றாள் வாணி.

மறுநாள் வந்தார். வீட்டில் மனைவியிடம் சொல்லி மகளைக் கேட்கவைத்தாராம்.

"என்னமோ ஹீலராம் அம்மிணி. அப்படின்னா?"

"கூட வர்றவங்க உசுரைப் பாத்துக்கறவங்க."

"சண்டை போடாதா?"

"போடமாட்டாங்க. பின்னால நிப்பாங்க."

"சரி, எதுல ஆரம்பிக்கட்டும்?"

"பாக்கலாமுங்க" என்றாள். எண் சொல்லவில்லை.

புதன்கிழமை அவர் ஒரு நோட்டு கொண்டுவந்தார். மோட்டாருக்கு எத்தனை சுற்று, எந்தக் கம்பி என்று குறித்து வைக்கும் நோட்டு. அதன் கடைசிப் பக்கத்தில் இணையத்தில் கேட்டது, பட்டறைப் பையன்களிடம் கேட்டது எல்லாம் எழுதியிருந்தார். ஒன்று முதல் ஆறு வரை. மூன்று, ஒன்று, இரண்டு, அப்புறம் நாலு. ஐந்தைத் தொடவே வேண்டாம். ஐந்தைத் தவிர வேறு எதையும் தொடவேண்டாம்.

வாணி பொறுமையாக முழுவதும் படித்தாள்.

"எல்லாமே சரிதானுங்க."

"எல்லாமே சரின்னா நான் எதைச் செய்யட்டும்?"

"இப்போதைக்கு இப்படி வந்து உட்காருங்க."

விளையாட்டில் பயிற்சிக் களம் என்று ஒரு இடம் உண்டு. எந்தப் பாகத்துக்கும் சேராதது. அங்கே அவரை ஹீலராக உட்காரவைத்தாள். திரையின் இடது ஓரத்தில் ஐந்து பச்சைக் கோடுகள். ஒவ்வொரு கோடும் ஒரு ஆளுடைய உயிர். அடிபட்டால் கோடு குறையும், மஞ்சளாகும், சிவப்பாகும். கோட்டுக்கு ஒரு பொத்தான். அழுத்தினால் மந்திரம் போய்ச் சேர இரண்டு நொடி ஆகும்.

முதல் நாள் ஐந்து பேரையும் கொன்றார். இரண்டாம் நாளும் கொன்றார்.

"அமுக்கறேன் அம்மிணி, ஆனா அதுக்குள்ள போயிடறாங்க."

"கோடு குறைஞ்ச பொறவு அமுக்கறீங்க. குறையறதுக்கு முன்னாலயே அமுக்கோணும்."

"அடி விழப்போவுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அவங்கவங்க எப்படி நிக்கறாங்க, எப்ப அவசரப்படறாங்கன்னு பாத்துட்டே இருந்தாத் தெரியும்."

அவர் விரலைப் பொத்தானிலிருந்து எடுத்தார்.

"எம் புள்ள இதையா பண்ணீட்டு இருந்துச்சு?"

"ஆமாங்க."

"பதினாறு வயசுல?"

"ஆமாங்க."

அதற்கப்புறம் அவர் பேச்சில் ஒரு மாற்றம் வந்தது. 'சொல்லு அம்மிணி' என்றவர் 'சொல்லுங்க அம்மிணி' என்று ஆனார். பட்டறையைச் சாத்திவிட்டு தினமும் ஆறு மணிக்கு வந்துவிடுவார். காது கேட்டே மோட்டாரின் நோயைச் சொல்கிற மனுஷர், இதையும் அப்படியே பிடித்துக்கொண்டார். இரண்டாம் வாரம் மூன்று பேரைப் பிழைக்கவைத்தார். மூன்றாம் வாரம் ஐந்து பேரையும்.

ஆனால் எண் மட்டும் வரவில்லை. ஒருநாள் வாசலில் நின்ற, பாங்கில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, "எதுல ஆரம்பிக்கட்டும்மா?" என்று கேட்க, வாணி யோசிக்காமலே ஐந்து என்று சொல்லி அனுப்பினாள். ஐந்தில் சண்டை போடாமல் தோட்டம் வைத்துக்கொண்டே காலம் தள்ளலாம். அந்த அம்மாவுக்கு அதுதான் சரி, எங்களுக்கே தெரிந்தது.

வெள்ளிங்கிரிக்கு முகம் சுண்டிவிட்டது.

"வழியில போறவங்களுக்கெல்லாம் சொல்றீங்க. மூணு வாரமா வர்றேன், எனக்கு மட்டும் சொல்லமாட்டீங்கறீங்க. நான் லாயக்கில்லைன்னா நேரா சொல்லிப்போடுங்க."

"லாயக்கில்லாதவருக்கு மூணு வாரம் செலவு பண்ணுவனுங்களா?"

"அப்பறம் என்ன?"

"ஞாயித்துக்கெழமை மத்தியானம் வாங்க."

அவர் கோபத்தோடுதான் படி இறங்கிப் போனார். ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார் என்று சிபி சொன்னான். எனக்கும் அப்படித்தான் பட்டது. இரண்டு மணிக்கெல்லாம் வந்து நின்றார்.

அன்றைக்கு நாங்கள் மூன்றாம் பாகத்தில் உப்பரக்கி என்ற அரக்கியின் குகைக்குள் போவதாக இருந்தோம். ஆறு பேர் வேண்டும். எப்போதும் ஹீலராக வரும் தாராபுரத்துக்காரப் பெண்ணுக்குக் காய்ச்சல். வாணி அந்த நாற்காலியைக் காட்டினாள்.

"நானா?"

"நீங்கதானுங்க."

"பயிற்சிக் களத்துல செத்தது பொம்மைங்க. இவங்க நெசமான ஆளுங்க."

"அதனாலதான் சொல்றேன்."

வாணி வில்லோடு, சிபி வாளோடு, அந்தப் புதுத் தம்பதி மந்திரக்கோலோடு, நான் கேடயத்தோடு. முன்னால் நின்று அடிவாங்குகிறவன் நான். என் உயிர் அந்த மோட்டார்க்காரர் கையில்.

குகைக்குள் நுழைந்து இருபது நிமிஷம் ஆகியிருக்கும். அரக்கி பாதி தளர்ந்திருந்தாள். வெள்ளிங்கிரியின் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. மூன்றாம் தடவை அடித்து ஓய்ந்த கொஞ்ச நேரத்தில் படியில் செருப்புச் சத்தம். ஆனைமலைத் தோப்புக்காரர் ஒருவரின் டிரைவர்.

"அண்ணா, எவ்வளவு நேரமா போன் அடிக்கறது. தோப்புல மோட்டார் நின்னுபோச்சு. வண்டி கீழ நிக்குது."

"பத்து நிமிசம் இரு சாமி."

"ஐயா கையோட கூட்டியாரச் சொன்னாருங்கண்ணா."

"வர்றேன், ஒரு பத்து நிமிசம்."

டிரைவர் திரையை எட்டிப் பார்த்தான். அரக்கி, குகை, மினுக்கும் கோடுகள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வெளையாட்டுதானுங்கண்ணா, அப்படியே வெச்சுட்டு வாங்க. ஐயா கோவிச்சுக்குவாரு."

"கோவிச்சா கோவிச்சுக்கட்டும்" என்றார் வெள்ளிங்கிரி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அஞ்சு பேரு என்னை நம்பி உள்ள நிக்கறாங்க. எப்படி எந்திரிச்சு வர்றது?"

சொன்ன வாய் மூடவில்லை. அவர் விரல்கள் பொத்தானுக்கு மேலேயே நின்றுவிட்டன. என் கோடு மஞ்சளாகி, சிவப்பாகி, நூலாக இளைத்தது. நான் போய்ச் சேர்ந்தேன் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

"அண்ணா" என்றாள் வாணி, மெதுவாக.

அவர் அழுத்தினார். என் கோடு ஏறியது. அதற்கப்புறம் கடைசிவரை அவர் விரல்கள் நிற்கவில்லை. அரக்கி விழுந்தபோது எங்கள் ஐந்து பேருக்கும் உயிர் இருந்தது. அவருடைய சொந்தக் கோடு கீழே சின்னதாக, கிட்டத்தட்ட காலியாகக் கிடந்தது. அதை அவர் பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன். அப்படி ஒரு ஹீலர் பின்னால் நின்றால் நான் எந்தக் குகைக்குள்ளும் போவேன்.

சிபி கை தட்டப் போனான், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைக் கீழே போட்டான்.

வெள்ளிங்கிரி டிரைவரிடம் திரும்பி, "வண்டியில இரு, வந்தர்றேன்" என்றார். அவன் இறங்கிப் போனான்.

"அம்மிணி, இப்ப நடுவுல கரண்ட் போயிருந்தா?"

"உங்க உருவம் செலை மாதிரி அப்படியே நின்னுரும். கொஞ்ச நேரம் கழிச்சு மறையும்."

"மத்தவங்க?"

"ஹீலர் இல்லாம ஜெயிக்க முடியாதுங்க. ஆனா வாசல் தெறந்துதான் இருக்கும். ஓடித் தப்பிச்சுக்கலாம்."

"ஓடிருவாங்களா?"

"ஓடமாட்டாங்க. கோட்டையில அது ஒரு பழக்கமுங்க. செலையா நிக்கற ஆளைச் சுத்தி நின்னுக்குவாங்க. அவங்க மேல அடி விழாமப் பாத்துக்குவாங்க, அவங்க மறையற வரைக்கும்."

"அதுக்குள்ள இவங்க?"

அந்தத் தம்பதியில் கணவர்தான் மெல்லச் சொன்னார், ஒவ்வொருவராகச் சாக வேண்டியதுதான் என்று.

வெள்ளிங்கிரி இரண்டு உள்ளங்கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் எழுந்து வந்து, அத்தனை பேரையும் உள்ளே விட்டுவிட்டு வந்து, ஒன்றும் சொல்லாமல் காபி கொடுத்தாளே, அதைத்தான் நினைத்திருப்பார்.

"எவ்வளவு பெரிய காரியத்தைப் பண்ணீட்டு இருந்திருக்குது" என்றார். "நான் கூப்புட்டு வர்லைன்னு மட்டும்தான் பாத்தேன்."

கீழே வண்டி ஹாரன் அடித்தது. அவர் எழுந்தார். போகாமல் நின்றார்.

"இன்னைக்காவது சொல்லுங்க அம்மிணி. நான் எதுல ஆரம்பிக்கட்டும்?"

நாங்கள் எல்லோரும் ஹெட்போனைக் கழற்றியிருந்தோம். மூன்று என்று சொல்லுவாள் என்று நான் நினைத்தேன். மூன்றில்தான் அவர் இப்போது நின்று காட்டியிருக்கிறார், கதைக்கும் அதுதான் ஆரம்பம். சிபி எனக்கு விரலால் ஒன்று என்று காட்டினான்.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமைங்களா?" என்றாள் வாணி.

"ஆமாங்க."

"எட்டு மணிக்குக் கூப்புடுவீங்க."

"கூப்புடுவேன்."

"என்ன கேப்பீங்க?"

"சாப்டியான்னு கேப்பேன்."

"அப்பறம்?"

"நல்லா இருக்கியான்னு."

"அப்பறம்?"

"அவ்வளவுதானுங்க."

வாணி அவருடைய நாற்காலியைப் பழையபடி மேஜைக்குள் தள்ளிவைத்தாள்.

"எதுல ஆரம்பிக்கறதுன்னு நானே சொல்லிப்போட்டா, அந்தப் புள்ளைகிட்ட கேக்கறதுக்கு உங்ககிட்ட வேற என்னங்கண்ணா இருக்குது?"